திருமண மண்டப உரிமையாளர்களுக்கு: கைக்குழந்தைகளுக்காக ஓர் அறை கேட்டு

தமிழகத்துத் திருமண மண்டபங்களின் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

பத்து மாதப் பெண் குழந்தைக்குத் தாயாகிய நான், உங்கள் மண்டபங்களுக்கு மாலை வரவேற்பன்று தூக்கி வரப்படும் கைக்குழந்தைகளைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மண்டபத்திலும், கூடத்தின் இரைச்சல் எட்டாத ஒரு மூலையில், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு சிறிய அறையைக் கைக்குழந்தைகளுக்கும் அவர்களை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோருக்கும் என்று ஒதுக்குங்கள். நிகழ்ச்சி முடியும்வரை அதைப் பூட்டாதீர்கள். திருமண வீட்டாரிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அவர்கள் ஒரு நாளுக்கோ இரண்டு நாளுக்கோ வாடகைக்கு வருகிறவர்கள். தலைக்குமேல் ஆயிரம் வேலை அவர்களுக்கு. கட்டடமும் சாவியும் உங்களுடையவை.

என் மகள் பிறந்த எழுபத்தோராம் நாள், என் கணவரின் சித்தப்பா மகளுக்குத் திருமண வரவேற்பு. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தச் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு மூத்த மருமகள் வரவில்லை என்றால் அது எத்தனை வருடத்துக்குப் பேச்சாக நிற்கும் என்பது நம் குடும்பங்களில் பிறந்த யாருக்கும் தெரியும். குழந்தையை வீட்டில் விட்டு வரலாம் என்றால் யாரிடம் விடுவது? பார்த்துக்கொள்ளக்கூடிய என் அம்மா, மாமியார் இருவருமே அந்தக் கல்யாணத்தில்தான் இருந்தார்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரிந்திருக்கவும் முடியாது. அழைப்பிதழே ‘சுற்றமும் நட்பும் சூழ, குடும்பத்துடன் வருக’ என்றுதான் அழைக்கிறது. எழுபத்தோரு நாள் குழந்தையும் அந்தக் குடும்பத்தில் ஒருத்திதானே.

ஆறரை மணிக்கு உள்ளே நுழைந்தோம். முதல் அரை மணி நேரம் அவள் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். ஏழு மணிக்கு மெல்லிசைக் குழு பாடத் தொடங்கியது. மேடையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து எழுந்த அதிர்வு நாற்காலியின் கால் வழியாக ஏறி என் முதுகில் தெரிந்தது. மணமக்கள் மேடைக்கு வரும்போது தரையோடு தவழும் வெண்புகையை விட்டார்கள். காகிதத் துண்டுகளைச் சிதறடிக்கும் வெடி ஒன்று டமால் என்று வெடித்தது. என் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது; இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாள். அதன்பின் ஆரம்பித்த அழுகை ஒன்றரை மணி நேரம் ஓயவில்லை.

அழும் குழந்தையைச் சுற்றி நம் ஊரில் உடனே ஒரு கூட்டம் கூடிவிடும். பசிக்கிறது என்றார் ஒருவர். வயிற்று வலி, ஓமத் தண்ணீர் கொடு என்றார் ஒருவர். உரம் விழுந்திருக்கிறது என்றும், கண் பட்டுவிட்டது, வீட்டுக்குப் போனதும் மிளகாய் சுற்றிப் போடு என்றும் சொன்னார்கள். எல்லாம் அன்பில் சொன்னவைதான், யாரையும் குறை கூற மாட்டேன். ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது மருந்தோ மந்திரமோ அல்ல. சத்தமும் வெளிச்சமும் இல்லாத ஓர் இடமும், அம்மாவின் மார்பும். அந்த இடத்தைத்தான் அவ்வளவு பெரிய மண்டபத்தில் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மணமகள் அறைக்குப் போனேன். ஒப்பனை செய்ய வந்த பெண்கள் தங்கள் பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளை விளக்கைப் போட்டு ஒளிப்பதிவுக்காரர் நகைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஓர் ஆண் உள்ளே நிற்கும்போது எப்படிப் பால் கொடுப்பது? பக்கத்து அறை பூட்டியிருந்தது; சீர்வரிசைச் சாமான்கள் உள்ளே இருந்ததால் சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அவரோ வாசலில் கூப்பிய கையோடு நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். மகளுக்குக் கல்யாணம் செய்கிற ஒரு தகப்பனாரிடம் அந்த நேரத்தில் போய்ச் சாவி கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனார். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் புகையும் கொசுவும் வேறு. திரும்பி உள்ளே வந்தார். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே பால் கொடுத்த தாய்மார்களை எனக்குத் தெரியும். நானும் அன்று அதன் வாசல்வரை போய், ஈரத் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பந்திக்கு நாங்கள் முறை போட்டுக்கொண்டோம்: அவர் சாப்பிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு நான். சாம்பார் சாதத்தில் அவர் கை வைத்திருந்தபோது குழந்தைக்கு அழுது அழுது மூச்சுப் பிடித்துக்கொண்டது. நான் பயந்து போய்ச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெரியவர்கள் முன்னால் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாதி இலையில் எழுந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்தார்.

எங்களுக்கு இடம் கொடுத்தது, சமையற்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா. “தாயி, இங்க வா, புள்ளைய இங்க கொண்டா” என்று கையைத் துடைத்துக்கொண்டே அழைத்துப் போனார். மளிகைச் சாமான் அறை அது. ஒரு பக்கம் தேங்காய்க் குவியல், ஒரு பக்கம் ஈரச் சாக்குப் போர்த்திய வாழையிலைக் கட்டுகள், நடுவில் அரிசி மூட்டை. தராசு மாட்டுவதற்காகக் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி. முதலில் என்னை அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காவலுக்கு நின்றார். குழந்தை பால் குடித்து முடித்ததும், மாற்றிக் கட்டத் தன் பையில் வைத்திருந்த பழைய நூல் சேலையை எடுத்து அந்தக் கொக்கியில் போட்டுத் தூளி கட்டினார். “பட்டுச் சரிகை கன்னத்துல குத்துது பாரு, அதான் உன் தோள்ல தரிக்க மாட்டேங்குது” என்றார். அப்போதுதான் பார்த்தேன், என் தோளில் கிடந்த சரிகைக் கரையின் தடம் அவள் இடது கன்னத்தில் சிவப்பாகக் கோடு கோடாகப் பதிந்திருந்தது. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். மேடைப் பாட்டு அங்கேயும் கேட்டது. ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டி, பக்கத்துத் தெருக் கோயில் பாட்டுப் போலத்தான் கேட்டது.

நான் உங்களிடம் கேட்கும் அறைக்கு முதலில் வேண்டியது, அந்த மளிகை அறையில் கிடைத்த இருட்டும் அமைதியும் மறைவும்தான்.

மாலை நேரத்துக்கும் கைக்குழந்தைக்கும் உள்ள தொடர்பை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் வளர்ப்பு சரியில்லை, தாய்க்குச் சமாளிக்கத் தெரியவில்லை என்பது போன்ற பார்வைகளை அன்று நானும் சந்தித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வில், 80 குழந்தைகளின் அழுகையை அவர்களின் தாய்மாரைக்கொண்டே நாள்தோறும் குறித்து வைக்கச் செய்தார். நோய் நொடி இல்லாத நல்ல குழந்தைகளே பிறந்த ஆறாவது வார வாக்கில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் அழுதன. அந்த அழுகையில் பெரும்பங்கு மாலையிலும் முன்னிரவிலும் வந்தது. மூன்று, நான்கு மாதம் ஆகும்போது அது தானாகவே தணிந்துவிடுகிறது. பகலெல்லாம் கண்டதும் கேட்டதும் பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்க முடியாத சுமையாகிவிடுகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. அதே நேரத்தில்தான் குழந்தைகள் அரை மணிக்கு ஒரு தரம் பால் கேட்டு முட்டுகின்றன. உங்கள் மண்டபத்தில் வரவேற்பு நடக்கும் நேரமும் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. ஆக, கைக்குழந்தை மிக அதிகமாக அழக்கூடிய மூன்று மணி நேரமும், நம் சமூகம் மிக அதிகமாகச் சத்தம் போடும் மூன்று மணி நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இதில் குழந்தையின் நேரத்தை மாற்ற முடியாது. வரவேற்பை மதியத்துக்கு மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அவற்றின் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. அந்தத் தடையிலிருந்து, நான்கு பக்கமும் மூடிய அரங்குகளுக்கும் விருந்துக் கூடங்களுக்கும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ள விலக்கு உண்டு. விதிகளை நான் படித்துப் புரிந்துகொண்டவரை, அவை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் காதைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. கூடத்துக்கு உள்ளே, ஒலிபெருக்கிப் பெட்டிக்கு இருபதடி தூரத்தில் ஒரு தாயின் மடியில் கிடக்கும் குழந்தையின் காதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டினாலே கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் சொன்னது. அது நலிந்த குழந்தைகளுக்கான அளவு என்பது எனக்குத் தெரியும், மண்டபத்தை மருத்துவமனையாக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் குழந்தையின் காதுக் குழாய் நம்முடையதைவிடச் சிறியது. அதனாலேயே கீச்சென்ற உயர் ஒலிகள் அதன் செவிப்பறையில் கூடுதல் அழுத்தத்தோடு போய் விழுகின்றன. நமக்குச் ‘சற்று அதிகம்’ என்று படுவது குழந்தைக்கு அந்த அளவில் நிற்பதில்லை.

என் பாட்டியின் கல்யாணம் லால்குடிப் பக்கத்தில் வீட்டிலேயே நடந்தது. தெருவை அடைத்துப் பந்தல், வாசலில் நாதசுரம், கொல்லையில் கோட்டை அடுப்பு. கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் இருப்பார்களாம். விட்டத்தில் வரிசையாக நாலைந்து தூளிகள் தொங்குமாம். முறை வைத்து ஒரு கிழவி ஆட்டிக்கொண்டிருக்க, தாய்மார் நிம்மதியாகப் பந்தியில் உட்காருவார்களாம். பாட்டி இதை ஒரு விசேஷமாகச் சொல்லவில்லை, அடுப்பு எங்கே இருந்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கல்யாணங்கள் வீட்டைவிட்டு மண்டபத்துக்கு வந்தன. பந்தல் கூடமாயிற்று, கொல்லை அடுப்பு சமையற்கட்டாயிற்று, திண்ணை வரவேற்பு மேசையாயிற்று, ஊஞ்சல் சடங்குக்குக்கூடக் கொக்கி வைத்துக் கட்டினார்கள். இரண்டாம் கட்டு மட்டும் வந்து சேரவில்லை. வேண்டுமென்று யாரும் விட்டிருக்க மாட்டார்கள். மண்டபத்துக்கு வரைபடம் போட்டவர்களும் அதைப் பார்த்துச் சரி என்றவர்களும் பெரும்பாலும் ஆண்கள். தூளி தொங்கிய அறையில் அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அறை பத்துக்குப் பத்து இருந்தால் போதும். மேடைக்குப் பின்சுவராகவோ ஜெனரேட்டருக்குப் பக்கமாகவோ இருக்கக் கூடாது. படி ஏற வேண்டாத தளத்தில் இருந்தால் நல்லது. கை வைத்த நாற்காலிகள் இரண்டு, ஒரு பாய், சத்தம் போடாத மின்விசிறி, அணைத்து வைக்கக்கூடிய மங்கலான விளக்கு, துணி மாற்ற இடுப்பு உயரத்தில் ஒரு மேடை, கை கழுவத் தண்ணீர், டயப்பர் போட மூடியுள்ள ஒரு வாளி. கூரையில் கொத்தனாரைக்கொண்டு உறுதியாகப் பதித்த இரண்டு கொக்கிகள். தூளிக்குச் சேலை நாங்கள் கொண்டு வருவோம். கூட்டத்துக்கு ஏற்ப ஏசி வேண்டும், பொம்மை வேண்டும், சுவரில் படம் வேண்டும் என்றெல்லாம் யாராவது உங்களிடம் சொல்லலாம். எனக்கு அவை தேவையாகத் தோன்றவில்லை. படமும் பொம்மையும் அந்த நேரத்தில் குழந்தைக்குத் தொந்தரவுதான்.

செலவைவிடச் சாவிதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். இந்த அறையை வாடகை ஒப்பந்தத்தில் மற்ற அறைகளோடு சேர்த்துத் திருமண வீட்டாரிடம் ஒப்படைத்தால், மாலை ஐந்து மணிக்குள் அதில் தாம்பூலப் பைகளும் பழத் தட்டுகளும் ஏறிவிடும். யாரோ ஒரு மாமா பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். அவர்மேல் தவறு இல்லை, பொருளுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆகவே இந்த அறை மட்டும் மேலாளரின் பொறுப்பில் இருக்கட்டும், முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிடுங்கள். 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தபோது, இப்படி ஒன்று வேண்டும் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டதே பெரிய ஆறுதலாக இருந்தது என்று என் அக்கா சொல்வாள். அவள் மூத்த மகனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்வந்த காலம் அது. திறந்து வைத்துப் பராமரிக்கப்படும் அறைகள் எத்தனையோ தாய்மாருக்கு உதவுகின்றன; பூட்டிக் கிடக்கும் அறையின் பலகையைப் பார்த்துவிட்டு, அழும் குழந்தையோடு திரும்பி நடப்பதோ அறையே இல்லாததைவிட வேதனை தருகிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்துக்கே அறை வேண்டும் என்றால், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மண்டபத்துக்கு வேண்டாமா?

அறையின் பலகையில் ‘தாய்மார்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் என்றும் வேண்டிக்கொள்கிறேன். அன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதிக நேரம் நடந்தவர் என் கணவர்தான். பால் குடித்து முடித்த குழந்தையை ஏப்பம் விடச் செய்யவும், துணி மாற்றவும், தூங்க வைக்கவும் தகப்பனால் முடியும். தாய் அந்த நேரத்தில் போய்ச் சாப்பிட்டு வரலாம். உள்ளேயே ஒரு பாதிக்குத் திரைச்சீலை கட்டிவிட்டால் பால் கொடுப்பவர்களுக்கு மறைவும் ஆயிற்று, குழந்தை வைத்திருக்கும் ஆணுக்கு இடமும் ஆயிற்று. ‘கைக்குழந்தை அறை’ என்று எழுதினால் போதும். வாசலில் வரவேற்பு மேசைக்கு மேலேயும், சாப்பாட்டுக் கூடத்து வாசலிலும் அம்புக்குறியோடு எழுதி வையுங்கள். அழுகிற குழந்தையை வைத்திருப்பவர் வழி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார், கண்ணில் பட்ட கதவைத்தான் தள்ளுவார்.

பந்தி மேற்பார்வை பார்ப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிப்பது நம் வழக்கமாகிவிட்டது; இடுப்பில் குழந்தையோடு அந்தப் போட்டியில் நிற்க முடியாது. முதியவர்களுக்குக் கை பிடித்து இடம் காட்டுவதுபோல, கைக்குழந்தைக்காரர்களில் ஒருவரை முதல் பந்தியிலும் மற்றவரை அடுத்த பந்தியிலும் அவர்களே அழைத்து உட்காரவைத்தால் பேருதவியாக இருக்கும்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. மண்டபங்களுக்கு வெள்ளை அடிப்பதும், குழாய், மின்சார வேலைகளைப் பார்ப்பதும் அந்த மாதத்தில்தான் என்று எனக்குத் தெரிந்த ஒரு மேலாளர் சொன்னார். இந்த மார்கழியில் கொத்தனார் உள்ளே இருக்கும்போதே, சாமான் போட்டு வைத்திருக்கும் ஏதாவது ஓர் அறையை ஒழித்துத் தரச் சொல்லி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தையில் எங்கள் குடும்பத்தில் மட்டும் இரண்டு கல்யாணங்கள். என் மகள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருப்பாள். கூடம் முழுவதும் ஓடுவாளே தவிர, தூளி அவளுக்கு வேண்டியிருக்காது. ஆனால் அவளைக் கொஞ்சிய அதே சித்தப்பா மகளுக்கு அப்போது இரண்டு மாதக் குழந்தை இருக்கும். வரவேற்புக்கு முந்தின நாள், அந்த இரண்டு மண்டபங்களின் அலுவலகத்துக்கும் தொலைபேசியில் பேசி, கைக்குழந்தை அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்காக நான் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருச்சிராப்பள்ளி.